சும்மா நம்பவும் வேண்டாம், சும்மா சந்தேகப்படவும் வேண்டாம்

(நம் பள்ளியின் ஆண்டுப் பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



பரிசளிப்பு விழா என்றால் கல்வியின் பெருமையைப் பேசுவது வழக்கம். அதை நம் தலைமையாசிரியர் அழகாகப் பேசிவிட்டார். நான் ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். மேலிடத்தில் இருக்கும் ஓர் அதிகாரி, “எல்லாம் தயாராக இருக்கிறது, நீங்கள் கவலைப்பட வேண்டாம்” என்று சொல்கிறார். நாம் அதை நம்பலாமா? நம்பிக்கை வரவில்லை என்றால் அடுத்து என்ன செய்வது?

இந்தக் கேள்வியை ஒரு பெரிய நாடே கேட்டுக்கொண்ட காலம் ஒன்று உண்டு. 1998, 1999ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் அது நடந்தது. அங்கே மக்கள் அரசாங்கத்தை நம்பவில்லை. நம்பாத மக்களை வைத்துக்கொண்டு அரசாங்கம் ஒரு பெரிய வேலையைச் செய்து முடிக்க வேண்டியிருந்தது. “ஒய் டூ கே” என்று பெரியவர்கள் சிலருக்கு ஞாபகம் இருக்கும். 2000ஆம் ஆண்டுக் கணினிச் சிக்கல் என்று தமிழில் சொன்னோம். அந்தக் கதையில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

முதலில் சிக்கல் என்னவென்று பார்ப்போம். உங்கள் அடையாள அட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். பன்னிரண்டு இலக்கங்கள் இருக்கும். முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, மாதம், நாள். ஆண்டுக்கு இரண்டே இலக்கம்தான். 2016இல் பிறந்த நம் மாணவனின் எண் 16 என்று தொடங்குகிறது. 1916இல் பிறந்த ஒரு கொள்ளுப்பாட்டி இன்று உயிரோடு இருந்தால், அவருக்கும் அதே 16தான். நாம் ஆளை நேரில் பார்ப்பதால் பாட்டி யார், பேரன் யார் என்று தெரிந்துகொள்கிறோம். கணினிக்குக் கண் இல்லை. அது இலக்கத்தை மட்டுமே பார்க்கும்.

1950களிலும் 60களிலும் கணினிக்கு நிரல் எழுதியவர்கள் ஆண்டை இப்படித்தான் சுருக்கினார்கள். அவர்கள் சோம்பேறிகள் அல்லர். அன்று தகவல்களை 80 வரிசைகள் கொண்ட துளை அட்டையில் ஏற்ற வேண்டும். கணினியின் நினைவகமோ விலை அதிகம். ஆகவே 1960 என்பதை 60 என்று எழுதி இரண்டு இடத்தை மிச்சப்படுத்தினார்கள். 2000ஆம் ஆண்டு வருவதற்குள் இந்த நிரல்களைத் தூக்கி எறிந்துவிடுவார்கள் என்று எண்ணினார்கள். யாரும் எறியவில்லை. வங்கி, ஓய்வூதியம், மின்சாரம், விமானம், மருத்துவமனை எல்லாம் அந்தப் பழைய நிரல்களின் மேல் கட்டப்பட்டுவிட்டன.

மாணவர்களே, ஒரு கணக்குப் போடுங்கள். ஒருவர் பிறந்தது 60. இப்போது நடப்பது 99. வயது என்ன? முப்பத்தொன்பது. சரி. மறுநாள் ஆண்டு 00 ஆகிவிட்டது. 00இலிருந்து 60ஐக் கழியுங்கள். வயது மைனஸ் அறுபது! வட்டிக் கணக்கு என்ன ஆகும், ஓய்வூதியம் என்ன ஆகும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். 1990களின் தொடக்கத்திலேயே மின்னிசோட்டா மாநிலத்தின் வினோனா என்ற ஊரில் 104 வயதுப் பாட்டி ஒருவருக்குப் பாலர் வகுப்பில் வந்து சேரச் சொல்லிக் கடிதம் போயிற்று. 104 வயதைக் கணினி 4 வயது என்று படித்துவிட்டது. சிரிக்கிறீர்கள். அதே தவறு ஒரு நாட்டின் எல்லாக் கணினிகளிலும் ஒரே நள்ளிரவில் வந்தால் சிரிக்க முடியாது.

இது யாருக்கும் தெரியாமல் வந்த ஆபத்து அல்ல. பாப் பீமர் என்ற கணினி அறிஞர் 1971லேயே எழுதி எச்சரித்தார். யார் காதிலும் விழவில்லை. 1993இல் பீட்டர் டி யாகர் என்ற கனடாக்காரர் ஒரு கணினி இதழில் கடுமையாக எழுதிய பிறகுதான் பலர் திரும்பிப் பார்த்தனர். அமெரிக்க அரசாங்கம் முழுமைக்கும் ஒரு பொறுப்பாளரை அதிபர் கிளிண்டன் நியமித்தது 1998 பிப்ரவரியில். அவர் பெயர் ஜான் கொஸ்கினென். கையில் இருந்த காலம் இரண்டு ஆண்டுகூட இல்லை. பள்ளித் தேர்வு என்றால் பிள்ளையைத் திட்டுகிறோம். அரசாங்கங்களும் தேர்வுக்கு முதல் நாள்தான் புத்தகத்தைத் திறக்கின்றன.

இங்கேதான் மக்களின் சந்தேகம் வந்து நிற்கிறது. கொஸ்கினென் எதைச் சொன்னாலும் இரண்டு பக்கத்திலிருந்தும் அடி விழுந்தது.

ஒரு சாரார், “இவங்க உண்மையைச் சொல்ல மாட்டாங்க. ஜனங்க பயந்து ஓடக் கூடாதுன்னு மூடி மறைக்கிறாங்க. கரண்டும் இருக்காது, தண்ணியும் இருக்காது” என்றார்கள். மின்னாக்கி வாங்கினார்கள். உலர்ந்த உணவைப் பெட்டி பெட்டியாக அடுக்கினார்கள். வங்கியில் போட்ட பணத்தை எடுத்துவிடலாமா என்று யோசித்தார்கள்.

மறு சாரார், “எல்லாம் சும்மா கதை. கம்ப்யூட்டர்காரன் காசு பார்க்கிறதுக்குக் கிளப்பிவிட்ட புரளி. இதை நம்பி வரிப் பணத்தைக் கொட்டுறாங்க” என்றார்கள்.

முதலாமவர் அதிகாரி ஆபத்தைக் குறைத்துச் சொல்கிறார் என்றார். இரண்டாமவர் அதே அதிகாரி ஆபத்தைக் கூட்டிச் சொல்கிறார் என்றார். ஆனால் இருவரும் ஒரு காரியத்தில் ஒற்றுமை. இருவருமே அறிக்கையை எடுத்துப் படிக்கவில்லை. “ஒரு சோதனை வைத்துக் காட்டு” என்று கேட்கவில்லை. அதற்கு முன்பே முடிவு கட்டிவிட்டார்கள்.

அப்படியானால் சந்தேகப்பட்டவர்கள் எல்லாரும் அறிவில்லாதவர்களா? அல்ல. சந்தேகத்துக்குத் தக்க காரணம் இருந்தது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1997 நவம்பரில், தன் முக்கியமான கணினி அமைப்புகளில் 430 அமைப்புகள் 2000ஆம் ஆண்டுக்குத் தயார் என்று அறிக்கை கொடுத்தது. அந்தத் துறையின் தலைமை ஆய்வாளரே பிறகு உள்ளே புகுந்து பார்த்தார். அவற்றில் ஏறக்குறைய கால் பங்கு அமைப்புகளுக்குத்தான் முறையான சான்று இருந்தது. மற்றவற்றுக்கு “தயார்” என்ற சொல் மட்டுமே இருந்தது. பிள்ளை வீட்டுப்பாடம் செய்துவிட்டேன் என்று சொல்கிறான், புத்தகத்தைத் திறந்தால் நான்கில் ஒரு பக்கம்தான் எழுதியிருக்கிறான் என்றால் நமக்கு எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது அவர்களுக்கும்.

இன்னொரு நிகழ்ச்சி 1999 ஆகஸ்டில் நடந்தது. அமெரிக்கக் கடற்படை தன் தளங்கள் இருக்கும் ஊர்களில் குடிநீர், மின்சாரம் போன்றவை நின்றுபோகுமா என்று ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தது. பல ஊர்களுக்கு நேராக, சேவை நின்றுபோகக்கூடும் என்று குறித்திருந்தது. ஜிம் லார்ட் என்ற எழுத்தாளர் அந்தப் பட்டியலைப் பிடித்து வெளியிட்டுவிட்டார். “மேடையில் ஒன்று சொல்கிறார்கள், உள்ளே ஒன்று எழுதி வைத்திருக்கிறார்கள்” என்று கொந்தளிப்பு ஏற்பட்டது. கொஸ்கினென் விளக்கம் சொன்னார். எந்த ஊரிலிருந்து தகவல் கிடைக்கவில்லையோ, அந்த ஊரில் சேவை நின்றுபோகும் என்று வைத்துக்கொண்டு திட்டம் போடுவது கடற்படையின் முறை. “தெரியவில்லை” என்பதுதான் பட்டியலில் “நின்றுவிடும்” என்று பதிந்திருக்கிறது என்றார். விளக்கம் நியாயமானது. ஆனால் அது பட்டியல் வெளிவந்த பிறகு வந்த விளக்கம். பெற்றோர்களே, இதைக் கவனியுங்கள். ஒரே விளக்கத்தை முன்னால் சொன்னால் அது தகவல். பின்னால் சொன்னால் அது சாக்குப்போக்கு போல் ஆகிவிடுகிறது.

சரி, இந்தச் சந்தேகத்தை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்தார்கள்? எனக்குப் பிடித்த பகுதி இதுதான். ஏனென்றால் இதில் ஓர் ஆசிரியர் வருகிறார்.

ஸ்டீபன் ஹோர்ன் என்பவர் கலிபோர்னியாவைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர். அரசியலுக்கு வருமுன் லாங் பீச் நகரில் ஒரு பல்கலைக்கழகத்தின் தலைவராகப் பதினெட்டு ஆண்டுகள் இருந்தவர். இவர் 1996 முதல் அரசாங்கத் துறைகளுக்கு மதிப்பெண் அட்டை கொடுக்க ஆரம்பித்தார். வேடிக்கை அல்ல, நிஜமாகவே! நம் பிள்ளைகளுக்குக் கொடுப்பது போல ஏ, பி, சி, டி, எஃப். சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் என்ற ஓய்வூதியத் துறைக்கு ஏ கிடைத்தது. அது 1989லேயே வேலையைத் தொடங்கிய துறை. பல பெரிய துறைகள் டி, எஃப் வாங்கின. 1998 நடுவில் அரசாங்கம் முழுவதற்குமாக அவர் போட்ட மதிப்பெண் எஃப். அதை எல்லாப் பத்திரிகைகளும் போட்டன. பொதுக் கணக்காய்வு அலுவலகம் என்ற தனி அமைப்பு துறைகளுக்குள் சென்று சோதித்து, சொன்னது சரியா, செய்தது சரியா என்று எழுதியது. வெட்கம் வந்தது, வேலை நடந்தது. 1999 நவம்பரில் அவர் போட்ட கடைசி மதிப்பெண் பி பிளஸ்.

ஹோர்ன் அதிகாரிகளை நம்பினாரா? நம்பவில்லை. திட்டிவிட்டு வீட்டுக்குப் போனாரா? அதுவும் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அட்டையோடு வந்து நின்றார். அவருடைய சந்தேகத்துக்குக் கையும் காலும் இருந்தன.

அதிகாரிகள் பக்கமும் சில நல்ல காரியங்கள் நடந்தன. கம்பெனிகள் தங்கள் குறையை வெளியே சொன்னால் வழக்கு வந்துவிடும் என்று வாய் திறக்காமல் இருந்தன. 1998 அக்டோபரில் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். தயார்நிலை பற்றி நல்லெண்ணத்தோடு வெளியிடும் தகவலுக்காக ஒருவர்மேல் வழக்குப் போடுவதை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தியது. பயம் குறைந்ததும் உண்மை வெளியே வர ஆரம்பித்தது. மக்களிடம் கொஸ்கினென், ஒரு நீண்ட விடுமுறைக்கோ பனிப்புயலுக்கோ மூன்று நாளைக்கு எப்படிச் சாமான் வாங்கி வைப்பீர்களோ, அந்த அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றார். ஒன்றுமே வேண்டாம் என்று சொல்லவில்லை, ஊரைக் காலி செய்யுங்கள் என்றும் சொல்லவில்லை. மக்கள் வங்கிக்குப் போய்ப் பணம் கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது என்பதற்காக மத்திய வங்கி கூடுதலாக 50 பில்லியன் டாலர் நோட்டுகளைத் தயார் செய்ய ஏற்பாடு செய்தது. சந்தேகப்படுபவனோடு சண்டை போடாமல், அவன் கேட்டால் கொடுக்கப் பணத்தை எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

விமானப் போக்குவரத்துத் துறை மிகவும் பின்தங்கியிருந்த துறைகளில் ஒன்று. 1999 ஏப்ரலில் டென்வர் நகரில், விமானங்கள் குறைவாகப் பறக்கும் இரவு நேரத்தில், கணினிகளின் ஒரு பகுதியைப் புத்தாண்டுத் தேதிக்குத் திருப்பி வைத்துச் சோதனை நடத்திக் காட்டினார்கள். அத்துறையின் தலைவி ஜேன் கார்வி, 1999 டிசம்பர் 31 இரவு தாமே பயணிகள் விமானத்தில் பறப்பேன் என்று முன்கூட்டியே அறிவித்தார். சொன்னபடியே பறந்தார். சீனாவில், அந்த நள்ளிரவில் விமானக் கம்பெனிகளின் தலைவர்கள் எல்லாரும் வானத்தில் இருக்க வேண்டும் என்று அரசாங்கம் உத்தரவு போட்டதாக 1999 தொடக்கத்தில் செய்தி வந்தது. நம் தோட்டத்துப் பெரியவர்களுக்கு இந்த உத்தரவு உடனே புரியும். பாலம் உறுதியாக இருக்கிறது என்று சொல்கிறவர் முதலில் அதன்மேல் நடந்து காட்டட்டும்!

இந்த வேலையில் நம்மவர்களுக்கும் பங்கு உண்டு. பழைய கோபால் மொழியில் எழுதிய கோடிக்கணக்கான வரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்த ஆள் வேண்டும். சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் போன்ற நகரங்களிலிருந்த நிரலாளர்கள் இரவும் பகலும் உட்கார்ந்து அந்த வேலையைச் செய்தார்கள். இந்தியக் கணினி நிறுவனங்கள் உலகத்தின் பார்வைக்கு வந்ததற்கு இந்தத் திருத்த வேலை ஒரு பெரிய காரணம். அந்தத் திருத்தத்தைச் செய்தவர்களின் பெயர் எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. எழுத்துப்பிழை திருத்தும் ஆசிரியருக்கு யார் மாலை போடுகிறார்கள்!

அந்த நாளும் வந்தது. 1999 டிசம்பர் 31. நியூசிலாந்தில் நள்ளிரவு அடித்தது. விளக்கு எரிந்தது. அதிலிருந்து ஐந்து மணி நேரம் கழித்து நம் மலேசியாவுக்கு 2000 பிறந்தது. இங்கும் விளக்கு எரிந்தது. நமக்குப் பிறகு பதின்மூன்று மணி நேரம் கழித்துத்தான் வாஷிங்டனுக்கு நள்ளிரவு. அங்கே கொஸ்கினென் ஒரு தகவல் மையத்தில் உட்கார்ந்து, கிழக்கிலிருந்து ஒவ்வொரு நாடாக வரும் செய்தியை மக்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். எங்கும் பெரிய விபரீதம் இல்லை.

சின்னச் சின்னத் தவறுகள் நடந்தன. அமெரிக்காவின் உளவுச் செயற்கைக்கோள் தகவல்களைப் பெறும் தரை நிலையக் கணினி ஒன்று சில மணி நேரம் செயலிழந்தது. முழு நிலைக்குத் திரும்பச் சில நாள்கள் ஆயின. ஜப்பானில் ஓர் அணுமின் நிலையத்தில் கதிர்வீச்சைக் கண்காணிக்கும் தகவல் கருவி நின்றது; ஆபத்து இல்லை. நியூயார்க் மாநிலத்தில் ஒரு கடையில் வீடியோ நாடாவைத் திருப்பிக் கொடுக்கப் போனவருக்கு நூறு ஆண்டுத் தாமதம் என்று 91,250 டாலர் அபராதம் காட்டியது கணினி. கடைக்காரரும் சிரித்திருப்பார்.

ஆனால் ஒன்று சிரிப்புக்குரியது அல்ல. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் கருவுற்ற தாய்மாரின் பரிசோதனை முடிவுகளைக் கணக்கிடும் கணினி, 2000ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் தாயின் வயதைத் தவறாகப் போட்டது. 150க்கு மேற்பட்ட தாய்மாருக்குத் தவறான முடிவு சொல்லப்பட்டது. மே மாதம்தான் தவறு கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டு இலக்கம்தான். அந்தக் குடும்பங்களுக்கு அது எவ்வளவு பெரிய இலக்கம் என்று தாய்மார்களே, உங்களுக்குத் தெரியும்.

பெரிய ஆபத்து வரவில்லை என்றவுடன் மக்கள் என்ன சொன்னார்கள்? “பார்த்தியா, ஒண்ணுமே நடக்கல. அப்பவே சொன்னேன், எல்லாம் ஏமாத்து” என்றார்கள். உலகம் முழுவதும் சேர்த்து 300 பில்லியன் டாலர் செலவானதாக ஒரு மதிப்பீடு உண்டு. அவ்வளவும் தண்டம் என்றார்கள். நாம் நியாயமாகப் பேச வேண்டும். குறைவாகச் செலவு செய்த இத்தாலி போன்ற நாடுகளிலும் பெரிய கேடு வரவில்லை என்பது உண்மைதான். தேவைக்கு மேல் செலவு செய்தவர்களும் இருந்திருப்பார்கள். பயத்தைக் காட்டிப் பொருள் விற்றவர்களும் இருந்தார்கள். ஆனால் திருத்தாமல் விட்ட இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு ஷெஃபீல்டே சாட்சி. மழைக்கு முன் கூரையை மாற்றியவன் வீட்டில் ஒழுகவில்லை. “ஒழுகாத வீட்டுக்கு எதுக்குக் கூரை மாத்தினே?” என்று அவனைக் கேட்டால் அவன் என்ன பதில் சொல்வான்?

1993இல் எச்சரித்த பீட்டர் டி யாகரின் கதையையும் சொல்லிவிடுகிறேன். வேலை நன்றாக நடப்பதைப் பார்த்து, 1999இல் அவர், பெரிய ஆபத்தைத் தவிர்த்துவிட்டோம் என்று எழுதினார். அதுவரை அவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியவர்களே அவரை ஏசினார்கள். விலை போய்விட்டார் என்றார்கள். சான்று மாறியபோது அவர் கருத்தை மாற்றினார். அவர்களோ கருத்தை மாற்ற மனமில்லாமல் சான்றைத் தள்ளிவிட்டார்கள். சந்தேகம் எப்போது கெட்டுப்போகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அன்பான பெற்றோர்களே, வாஷிங்டன் கதையை இந்தத் தோட்டத்தில் ஏன் பேசுகிறாய் என்று நீங்கள் கேட்கலாம். நமக்கும் இந்த இரண்டு வியாதியும் உண்டு. ஒன்று, “எல்லாம் ஆபீசுல பார்த்துக்குவாங்க, நமக்கு என்ன தெரியும்?” மற்றது, “எல்லாம் கூட்டுக் களவாணிங்க, கேட்டு என்ன ஆகப்போகுது?” முதலாவது வணக்கம் போடுகிறது, இரண்டாவது வசை பாடுகிறது. ஆனால் இரண்டும் நம்மைத் திண்ணையிலேயே உட்கார வைத்துவிடுகின்றன.

பால்மரம் வெட்டிய காலத்தில் நம் தாய்மார்கள் என்ன செய்தார்கள்? பாலை நிறுக்கும்போது தராசுப் பக்கத்தில் நின்று முள்ளைப் பார்த்தார்கள். கிராணி எழுதும் எண்ணை வாய்விட்டுச் சொல்லச் சொன்னார்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாய்கூட அன்றைய எடையை மனத்தில் வைத்துச் சம்பள நாளன்று கணக்குக் கேட்டார். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பதை அவர்கள் வாழ்ந்து காட்டினார்கள். இன்று தராசு கணினிக்குள் போய்விட்டது. முள் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால் நாம் பக்கத்தில் போய் நிற்பதையும் விட்டுவிட்டோம்.

ஊழியர் சேமநிதி 1951இல் தொடங்கியது முதல் நம் பாட்டாளிகளின் முதுமைக்கு அதுவே பெரிய துணை. உங்கள் சேமநிதிக் கணக்கறிக்கையைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? சம்பளச் சீட்டில் பிடித்த தொகையும் கணக்கில் ஏறிய தொகையும் மாதத்துக்கு மாதம் ஒன்றாக இருக்கின்றனவா? முதலாளியின் பங்கு ஏறியிருக்கிறதா? பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் பெயர் எழுத்து சரியா? அடையாள அட்டையில் உள்ள எழுத்தும் பள்ளிப் பதிவில் உள்ள எழுத்தும் ஒன்றா? ஓர் எழுத்துப் பிழையோடு வளர்ந்த பிள்ளை பின்னால் எத்தனை வாசல் ஏறி இறங்க வேண்டியிருக்கும் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்ததே. தவறு இருந்தால் கோபப்பட வேண்டாம். தாளை எடுத்துக்கொண்டு போய், “ஐயா, இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க. எப்ப சரியாகும்? எழுத்துல கொடுங்க” என்று கேளுங்கள். உங்களுக்குப் படிக்கச் சிரமமாக இருந்தால் உங்கள் பிள்ளையை உட்கார வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவன் படிப்பின் முதல் பயன் அந்த வீட்டுக்குக் கிடைக்கட்டும்.

இந்தப் பள்ளியிடமும் அப்படியே கேளுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கு வாருங்கள். வரவு செலவு அறிக்கையை வாங்கிப் படியுங்கள். “என் பிள்ளை ஏன் வாசிப்பில் பின்தங்கியிருக்கிறான், மூன்று மாதத்தில் என்ன செய்யப்போகிறீர்கள்?” என்று ஆசிரியரான என்னைக் கேளுங்கள். மூன்று மாதம் கழித்து மறக்காமல் திரும்பி வந்து கேளுங்கள். கேட்கும் பெற்றோரைக் கண்டு நாங்கள் கோபித்துக்கொண்டால் அது எங்கள் குறை.

மாணவச் செல்வங்களே, கடைசியாக உங்களுக்கு. இன்னொரு தேதி வருகிறது. பல கணினிகள் 1970 ஜனவரி முதல் நாளிலிருந்து விநாடிகளை எண்ணிக்கொண்டே வருகின்றன. பழைய வகைக் கணினிகளில் அந்த எண்ணுக்கு ஓர் எல்லை உண்டு. 2,147,483,647 விநாடி. அதற்கு மேல் அவற்றால் எண்ண முடியாது. அந்த எல்லை வருவது 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, மலேசிய நேரம் காலை 11 மணி 14 நிமிடம் 7 விநாடி. அடுத்த விநாடியில் திருத்தப்படாத கணினி 1901 டிசம்பருக்குப் போய்விடும். புதிய கணினிகள் பெரும்பாலும் இதற்குத் தயாராக இருக்கின்றன. சுவருக்குள்ளும் இயந்திரத்துக்குள்ளும் மறைந்திருக்கும் பழைய கருவிகளைத்தான் தேடிப் பிடித்துத் திருத்த வேண்டும்.

அன்று நீங்கள் வளர்ந்த இளைஞர்களாக இருப்பீர்கள். உங்களில் ஒருவர் அந்தக் கருவியைத் திருத்தும் பொறியாளராக இருக்கலாம். ஒருவர் “தயார்” என்று கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரியாக இருக்கலாம். சோதித்துப் பார்க்காமல் போடாதீர்கள். மற்றவர்கள் பொதுமக்களாக இருப்பீர்கள். அப்போதும் யாரோ ஒருவர் உலகம் முடிந்தது என்பார், வேறொருவர் எல்லாம் புரளி என்பார். நீங்கள் நடுவில் நின்று, “சோதனை எப்போது நடந்தது? யார் பார்த்தார்கள்? முடிவைக் காட்டுங்கள்” என்று பணிவாகக் கேளுங்கள். காட்டினால் நம்புங்கள். காட்டாவிட்டால் மறுபடியும் கேளுங்கள்.

இன்று பரிசு வாங்கும் பிள்ளைகளுக்கு என் வாழ்த்து. வாங்காத பிள்ளைகள், எங்கே மதிப்பெண் குறைந்தது என்று நாளைக்கே வந்து என்னைக் கேளுங்கள். விடைத்தாளைத் திறந்து வைத்துக்கொண்டு இருவரும் சேர்ந்து பார்ப்போம்.